பழைய காரின் ஆல்டர்னேட்டர் கையோடு வர மறுத்தால்

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். கார் 1970-களின் தொடக்கத்தில் வந்த பிரிட்டிஷ் கார், அதில் இருப்பது லூக்காஸ் நிறுவனத்தின் ஏசிஆர் வகை ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் ஓடும்போது பெல்ட்டால் சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி. ஓடும்போது சார்ஜ் விளக்கு மங்கலாக எரிகிறது, அதனால் கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுக்க நினைக்கிறீர்கள். பெல்ட்டை எடுத்துவிட்டீர்கள். கீழே உள்ள நீண்ட போல்ட்டின் நட்டு வந்துவிட்டது, ஆனால் போல்ட் இருந்த இடத்திலேயே சுற்றுகிறதே தவிர வெளியே வரவில்லை. கடப்பாறை வைத்து நெம்பலாமா என்பது நீங்கள் கேட்டது. பேட்டரி பின்பக்கம் ஒரு தகட்டுக்கு அடியில் இருக்கிறது, அதையும் கழற்றித்தான் ஆக வேண்டுமா என்று போகிற போக்கில் ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டாவது வரிதான் பயத்தைக் கொடுத்தது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஆமாம், கழற்றித்தான் ஆக வேண்டும். அதுவும் இப்போதே, ஸ்பேனரை மறுபடி கையில் எடுப்பதற்கு முன்னால். ஆல்டர்னேட்டரின் பின்னால் போகிற தடித்த பழுப்பு வயர் சாவியைத் திருப்பினால்தான் உயிர்பெறும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது பேட்டரியோடு நேரடியாகச் சேர்ந்தது, சாவி உங்கள் சட்டைப்பையில் இருந்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் நடுவில் ஒரு ஃபியூஸ்கூடக் கிடையாது. நான் தொழில் கற்றுக்கொண்டிருந்த நாட்களில், கூட வேலைபார்த்தவர் ஒருவர் இதே வேலையில் ஸ்பேனரின் ஒரு முனையை அந்த முனையத்திலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் படவிட்டுவிட்டார். 'டப்' என்று ஒரு சத்தம், நீல வெளிச்சம், அவ்வளவுதான். ஸ்பேனரின் வாயில் பல் கடித்தது போல ஒரு துண்டு காணவில்லை. அவர் விரலில் மோதிரம் இருந்திருந்தால் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டு சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

கழற்றுவதற்கு ஒரு முறை உண்டு. பேட்டரியிலிருந்து காரின் உடம்புக்குப் போகும் கம்பியை, அதாவது எர்த் கம்பியை, முதலில் எடுங்கள். காரணம் எளிது. எர்த் முனையில் ஸ்பேனர் இருக்கும்போது அது தவறி உடம்பில் பட்டாலும் ஒன்றும் ஆகாது, இரண்டும் ஏற்கெனவே ஒன்றுதானே. மற்ற முனையை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் உடம்பில் பட்டால் மேலே சொன்ன கதைதான். 'நெகட்டிவை எடு' என்று நான் சொல்லாமல் 'எர்த்தை எடு' என்று சொல்வதைக் கவனியுங்கள். 1960-களின் பிரிட்டிஷ் கார்கள் நிறைய பாசிட்டிவ் எர்த்தாக இருந்தன, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடம்போடு சேர்ந்திருந்தது. எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1967-ன் இறுதியில், ஆல்டர்னேட்டருக்கு முன்பு அதே வேலையைச் செய்த டைனமோவை விட்டு ஆல்டர்னேட்டருக்கு மாறியபோதுதான் நெகட்டிவ் எர்த்துக்கும் மாறியது. உங்களுடையது தொழிற்சாலையிலேயே ஆல்டர்னேட்டர் போட்டு வந்த 1970-களின் கார் என்பதால் நெகட்டிவ் எர்த்தாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஐம்பது வருடத்தில் எத்தனை கை பட்டதோ, கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். துருவம் மாறிப் பேட்டரியைக் கொடுத்தால் ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் ஒரு நொடியில் போய்விடும்.

இப்போது கொஞ்சம் பின்னோக்கிப் போவோம், ஏனென்றால் ஆல்டர்னேட்டர்தான் கெட்டிருக்கிறது என்று நீங்கள் முடிவுசெய்துவிட்டதாகத் தெரிகிறது. விளக்கு பளிச்சென்று எரிவதும் மங்கலாக எரிவதும் வேறு வேறு நோய்கள். அந்த விளக்கு இரண்டு இடங்களுக்கு நடுவே தொங்குகிறது: ஒரு பக்கம் சாவி வழியாக வரும் பேட்டரி மின்சாரம், இன்னொரு பக்கம் ஆல்டர்னேட்டர் தன் சுருளுக்காகத் தானே தயாரித்துக்கொள்ளும் மின்சாரம். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் விளக்கு அணையும். ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் வித்தியாசம் வந்தால் மங்கலாக மினுக்கும். அந்த வித்தியாசம் உள்ளே ஒரு டயோடு போனதாலும் வரலாம். பின்னால் இருக்கும் பிளக்கில் பச்சை பூத்து, நல்ல தொடர்பு இல்லாமல் போனதாலும் வரலாம். சாவி ஸ்விட்ச் தேய்ந்திருந்தாலும் வரலாம். உங்கள் காரில் எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது. மீட்டர் சொல்லும். பெல்ட் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது என்கிறீர்கள். போல்ட் இன்னும் உள்ளேதானே இருக்கிறது, பெல்ட்டைத் திரும்பப் போட்டு ஒரு கால் மணி நேரம் செலவழிப்பது நஷ்டமில்லை. போல்ட்டின் நட்டையும் எர்த் கம்பியையும் மாட்டிக்கொள்ளுங்கள், சோதனை முடிந்ததும் எர்த் கம்பியை மறுபடி எடுத்துவிடுங்கள்.

சோதனை இதுதான். எஞ்சின் சில மணி நேரம் ஓடாமல் இருந்த பிறகு பேட்டரி முனைகளில் 12.6 வோல்ட் அளவில் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்து, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து வைத்தால் 13.8-லிருந்து 14.4 வரை ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் அதே ஓட்டத்தில், ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் முனையத்திலும் இன்னொன்றைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி வயரிங், ஆல்டர்னேட்டர் இல்லை. ஆல்டர்னேட்டரின் உடம்புக்கும் பேட்டரியின் எர்த்துக்கும் நடுவே இதே போலப் பாருங்கள், அங்கே கால் வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. இன்னொன்று: மீட்டரை ஏசி வோல்ட்டுக்கு மாற்றி ஓடும் எஞ்சினின் பேட்டரியில் வைத்தால் அரை வோல்ட்டைத் தாண்டுகிறது என்றால் டயோடு மேல் பலமாகச் சந்தேகப்படலாம். சாவியைத் திருப்பி, எஞ்சினை ஓட்டாமல், விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதும் முக்கியம். உங்களுக்கு எரிகிறது என்பதால் இங்கே கவலையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தச் சின்ன பல்ப், வழக்கமாக 2.2 வாட், போய்விட்டால் சார்ஜ் தொடங்குவதே இல்லை. பல்ப் மாற்ற வேண்டிய இடத்தில் ஆல்டர்னேட்டரை மாற்றியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது. எஞ்சின் ஓடும்போது பேட்டரி கம்பியைக் கழற்றி, 'எஞ்சின் நிற்கவில்லை, அப்படியானால் சார்ஜ் ஆகிறது' என்று பார்ப்பது. டைனமோ காலத்தில் அப்படிச் செய்து பழகிய பெரியவர்கள் இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆல்டர்னேட்டரில் பேட்டரி திடீரென்று விலகினால் மின்னழுத்தம் ஒரு கணம் பல மடங்கு எகிறும், டயோடும், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் அதைத் தாங்காது. கிறைஸ்லர் தன் வேலியன்ட் காரில் 1960-லேயே ஆல்டர்னேட்டரைக் கொண்டுவந்துவிட்டது. அறுபது வருடம் கடந்தும் டைனமோ வைத்தியம் மட்டும் ஓயவில்லை!

சரி, சோதனை முடிந்து ஆல்டர்னேட்டர்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். போல்ட்டுக்கு வருகிறேன்.

நெம்பாதீர்கள். ஆல்டர்னேட்டரின் உடம்பு வார்ப்பு அலுமினியம். பெல்ட்டை இறுக்கும்போது நெம்பலாம், அதுவும் புல்லி பக்கத்து மூடியில் மட்டும், மரக்கட்டை வைத்து. பின்பக்க மூடியில் நெம்பினால் அதற்குள்ளேதான் டயோடுகளும், சுழலும் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷும் இருக்கின்றன. போல்ட் நுழையும் அந்தக் காதுகள் பார்க்கத் தடிமனாக இருக்கும், ஆனால் பக்கவாட்டில் தள்ளினால் பிஸ்கட் மாதிரி உடையும். நானே ஒன்றை உடைத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். போல்ட் வெளியே வந்துவிட்டது, ஆனாலும் ஆல்டர்னேட்டர், எஞ்சினில் அதைத் தாங்கும் பிராக்கெட்டை விட்டு அசையவில்லை. ஒரு நீண்ட திருப்புளியை நடுவில் செருகி ஒரே அழுத்து. 'டிக்' என்று கேட்டது. எதுவோ இளகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பின்பக்கக் காது கையில் வந்தது.

அன்று எனக்குத் தெரியாதது என்னவென்றால், பல ஆல்டர்னேட்டர்களில் பின்பக்கக் காதுக்குள் ஒரு இரும்புக் குழாய், அதாவது புஷ், இருக்கிறது. அது அசையாமல் இருப்பதற்காகப் போட்டதல்ல, நகர்வதற்காகவே போட்டது. எஞ்சினில் இருக்கும் பிராக்கெட்டின் அகலமும் ஆல்டர்னேட்டரின் இரண்டு காதுகளுக்கு இடையே உள்ள அகலமும் மில்லிமீட்டர் சுத்தமாகப் பொருந்தாது. போல்ட்டை இறுக்கும்போது அந்த புஷ் மெல்ல நகர்ந்து பிராக்கெட்டைத் தொட்டு இடைவெளியை அடைத்துவிடும். அதனால் அலுமினியக் காது வளையாமல் தப்பிக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் வருடக்கணக்கில் தண்ணீரும் துருவும் சேர்ந்த பிறகு அதே புஷ் பிராக்கெட்டை ஒரு வைஸ் போலக் கவ்விக்கொண்டிருக்கும். போல்ட்டையும் பிடித்துக்கொள்ளும். உங்கள் போல்ட் சுற்றினாலும் வெளியே வராததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்: போல்ட் தனியாகச் சுற்றவில்லை, புஷ்ஷோடு சேர்ந்து சுற்றுகிறது. நட்டு இருந்த பக்கத்தில் ஒரு டார்ச் அடித்து, ஒருவரைப் போல்ட் தலையைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். போல்ட்டைச் சுற்றியுள்ள இரும்பு வளையமும் கூடவே திரும்பினால் நான் சொன்னதுதான்.

இன்னும் இரண்டு காரணங்கள் இருக்கலாம். தளர்வாகவே பல வருடம் ஓடியிருந்தால் போல்ட்டின் தண்டில் காது உட்கார்ந்த இடம் தேய்ந்து ஒரு பள்ளம் விழுந்திருக்கும், அந்தப் படி உள்ளே மாட்டிக்கொள்ளும். அல்லது போல்ட்டின் தலை ரேடியேட்டரிலோ கிராஸ் மெம்பர் என்ற குறுக்குச் சட்டத்திலோ முட்டிக்கொண்டு நிற்கும். தொழிற்சாலையில் எஞ்சின் வெளியே இருந்தபோதே ஆல்டர்னேட்டரை மாட்டியிருப்பார்கள், போல்ட் திரும்பி வர வழி இருக்கிறதா என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். எம்ஜிபி, பழைய மினி போன்றவற்றில் ஆல்டர்னேட்டர் ஆடித் திரும்பும் பிவட் போல்ட்டுகள் மேலே, பெல்ட்டை இழுத்துக்கட்டும் பட்டை கீழே. அவற்றில் கை நுழைய இடம் இருக்கும். உங்களுடையது கீழே பிவட் என்பதால் இடம் குறைவு.

எந்தக் காரணமானாலும் வைத்தியம் ஏறக்குறைய ஒன்றுதான், பொறுமை மட்டும் கூடுதலாக வேண்டும். முதலில் துரு இளக்கும் எண்ணெயை இரண்டு பக்கமும் அடித்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் நட்டை மறுபடி போட்டு, போல்ட்டின் முனையும் நட்டின் முகமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை ஏற்றுங்கள். இது மரையைக் காப்பாற்றும். பிறகு பின்பக்கக் காதுக்கு அடுத்துக் கனமான இரும்பு ஒன்றை ஒருவர் அணைத்துப் பிடிக்க, நீங்கள் பித்தளைத் துண்டு வைத்து அந்த நட்டின் மேல் சின்னச் சின்னதாகத் தட்டுங்கள். ஒரு பெரிய அடியை விட முப்பது சின்ன அடிகள் மேல். நடுநடுவே தலைப்பக்கம் ரிங் ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் திருப்புங்கள். தட்டுவது, திருப்புவது, எண்ணெய் விடுவது, மறுபடி தட்டுவது. ஆல்டர்னேட்டரைப் பிவட்டில் மேலும் கீழும் ஆட்டிப்பார்ப்பதும் உதவும். சூடு காட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பேரிங் கிரீஸும் வயரிங்கும் பெட்ரோல் குழாயும் எல்லாம் ஒரு சாண் தூரத்தில் இருக்கின்றன.

அப்படியும் வரவில்லையா? இரண்டு வழி மிச்சம் இருக்கிறது. ஆல்டர்னேட்டரைப் பிராக்கெட்டோடு சேர்த்தே எஞ்சினிலிருந்து கழற்றிவிடுவது எனக்குப் பிடித்த வழி. பிராக்கெட்டைப் பிடித்திருப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று போல்ட்டுகள்தான், அவை எஞ்சின் எண்ணெய் பட்டுப்பட்டுத் துருப்பிடிக்காமல் இருக்கும். மொத்தமாக மேசைக்கு வந்துவிட்டால் வைஸில் வைத்து நிதானமாகப் பார்க்கலாம். கழற்றும் முன் அந்தப் போல்ட்டுகளில் எதுவாவது தண்ணீர் பாதைக்குள் போகிறதா என்று உங்கள் காரின் பழுதுபார்ப்புப் புத்தகத்தில் பாருங்கள், இல்லாவிட்டால் தரையெல்லாம் கூலன்ட் ஆகும். இரண்டாவது வழி, காதுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வெறும் ஹாக்சா பிளேடை விட்டுப் போல்ட்டை அறுத்துவிடுவது. பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள். கை வலிக்கும், நேரம் பிடிக்கும். ஆனால் போல்ட் எங்கும் கிடைக்கும், காது உடைந்த பழைய மூடிக்கு மாற்றுத் தேடுவது அவ்வளவு சுலபமில்லை.

மற்ற வேலைகள் பெரிதில்லை. பிளக்கைப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப்பை விலக்கிவிட்டு, வயரை இழுக்காமல் பிளக்கின் உடலைப் பிடித்து இழுங்கள். கழற்றும் முன் எல்லாப் பக்கமும் ஒரு படம் எடுத்துவையுங்கள். பழுப்பு வயர் சார்ஜ் போகும் வழி, பழுப்பில் மஞ்சள் கோடு போட்டது விளக்குக்குப் போவது. எந்த வாஷர் எந்தப் பக்கம் இருந்தது, எத்தனை இருந்தது என்று எழுதிவையுங்கள், புல்லி நேராக நிற்பது அவற்றால்தான். கடைசிப் போல்ட் வரும்போது ஒரு கை ஆல்டர்னேட்டருக்கு அடியில் இருக்கட்டும். கனம் சில கிலோதான், ஆனால் விழுந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மேலோ உங்கள் மணிக்கட்டின் மேலோ விழும். ஸ்பேனர்கள் இஞ்ச் அளவில் இருக்கட்டும், பெரும்பாலும் அரை இஞ்சும் ஒன்பதுக்குப் பதினாறும் போதும். மெட்ரிக் 13-ஐ வைத்து அரை இஞ்சைத் திருகினால் முனை மழுங்கும்.

கையில் வந்ததும் பழுதுபார்க்க அனுப்பும் முன் இரண்டு நிமிடம் கொடுங்கள். புல்லியைச் சுற்றிவிட்டுக் காதருகே வையுங்கள். கரகரவென்றால் பேரிங். பின் மூடியைத் திறக்கத் தைரியம் இருந்தால் கார்பன் பிரஷ்ஷைப் பாருங்கள், இந்த லூக்காஸ் வகையில் அது தன் கூட்டிலிருந்து 5 மில்லிமீட்டருக்கும் குறைவாக நீட்டிக்கொண்டிருந்தால் மாற்ற வேண்டும். பிளக்கின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் ஆல்டர்னேட்டரைச் சரிசெய்து திரும்ப மாட்டினாலும் அதே கோளாறு வரும், அந்த முனையங்களையும் புதிதாகப் போடுங்கள்.

திரும்ப மாட்டும்போது மறக்காதீர்கள்: அந்த நகரும் புஷ்ஷை வைஸில் வைத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிவிட்டு, லேசாக கிரீஸ் தடவி மாட்டினால் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டுக்குள் தானாக நுழையும். எல்லாப் போல்ட்டையும் விரலால் ஏற்றி, பெல்ட்டை இழுத்து, முதலில் பட்டையின் போல்ட்டையும் பிறகு பிவட்டையும் இறுக்குங்கள். நீளமான பக்கத்தின் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் பெல்ட் அரை இஞ்ச் அளவுக்கு உள்ளே போக வேண்டும். அதைவிட விறைப்பாக இருந்தால் புதுப் பேரிங்கும் தண்ணீர் பம்பும் சீக்கிரம் போகும். எர்த் கம்பி கடைசியாக. சாவியைத் திருப்பினால் விளக்கு எரிந்து, எஞ்சின் பிடித்ததும் முழுதாக அணைய வேண்டும்.

அப்போதும் மங்கலாக எரிந்தால், மேலே சொன்ன நான்கு அளவுகளையும் எடுத்து எண்களாக இங்கே எழுதுங்கள்: ஓடாதபோது, ஓடும்போது, தடித்த வயரில், எர்த்தில். போல்ட் தலைப்பக்கமும் நட்டுப் பக்கமும் தெரிகிற படம் ஒன்றையும் சேர்த்தால் புஷ்தான் சுற்றுகிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.